வாஸ் வெயிட்டிங்கா, ஹேவ் பீன் வெயிட்டிங்கா?

சென்ற ஆண்டு ஓணம் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பூதப்பாண்டியில் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறகு நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். அன்று காலை வெளிநாட்டு வேலைக்காக வீடியோ வழியே நேர்காணல் நடந்திருக்கிறது. அனுபவம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பதில்: "ஐ வாஸ் ஒர்க்கிங் இன் எ ஹாஸ்பிடல் ஃபார் ஃபோர் இயர்ஸ்."

உடனே அடுத்த கேள்வி வந்தது. "ஒய் டிட் யூ லீவ்?"

"நான் வேலையை விடவே இல்லையே டீச்சர். எதுக்கு அப்படிக் கேட்டாங்கன்னு எனக்கு விளங்கல. முழிச்சிட்டேன்" என்றாள். பயோடேட்டாவில் இன்னும் பணியில் இருப்பதாக எழுதியிருக்கிறது. வாயிலிருந்து வந்ததோ வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லும் வாக்கியம். கேட்டவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான்.

சரியாகச் சொன்னால், தவறாகக் கற்றுக் கொடுக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் நானும் செய்தேன். கரும்பலகையில் கட்டம் போட்டு, ஒரு பக்கம் பாஸ்ட் கன்டினியூயஸ், மறுபக்கம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ். "யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், வென் வந்தால் வாஸ், வேர். சின்ஸ், ஃபார் வந்தால் ஹேஸ் பீன், ஹேவ் பீன்." பிள்ளைகள் பாட்டாகப் பாடுவார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடும். நேர்காணலில் கட்டம் இல்லை, கோடிட்ட இடமும் இல்லை. "ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்ற துப்புச்சொல்லே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அது வாயில் வருவதற்குள் வினைச்சொல்லைச் சொல்லி முடித்தாக வேண்டும்.

இந்தப் பட்டியல் வேறு விதத்திலும் பிள்ளைகளைக் கைவிடுகிறது. "இட் ______ சின்ஸ் யெஸ்டர்டே" என்று கொடுத்துப் பாருங்கள். யெஸ்டர்டேயைக் கண்டதும் பாதி வகுப்பு "வாஸ் ரெய்னிங்" என்று எழுதும். "யெஸ்டர்டே இட் ______ ஃபார் டூ அவர்ஸ்" என்று கொடுங்கள். ஃபாரைக் கண்டதும் மறுபாதி "ஹேஸ் பீன் ரெய்னிங்" என்று எழுதும். இரண்டு பேரும் நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டும் தவறு.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, நான் சொல்லித் தந்த விளக்கத்தையே திருப்பிப் படித்துப் பார்த்தேன். "கடந்த காலத்தில் தொடங்கி, இப்போதும் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் செயல்." எந்த நோட்ஸிலும் இதுதான் இருக்கும். பிழை ஏதும் இல்லை. ஆனால் பிள்ளையின் காதில் முதலில் விழுவது "கடந்த காலம்" என்ற சொல். கடந்த காலம் என்றால் வாஸ் என்று ஆறாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துவிட்டது. விளக்கத்தின் பின்பாதியைப் பிள்ளை கேட்பதே இல்லை. இப்போது நான் திருப்பிப் போட்டுச் சொல்கிறேன்: "இப்போ நடக்குது மக்களே. எப்போலேருந்து நடக்குதுன்னும் சேத்துச் சொல்றோம்." நிகழ்காலம் முதலில் வருகிறது. ஹேவ் என்பது நிகழ்கால வினை, வாஸ் என்பது இறந்தகால வினை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன். பெர்ஃபெக்ட் என்ற பெயர் வேறு குழப்புகிறது. முடியாத செயலுக்கு ஏன் டீச்சர் பெர்ஃபெக்ட் என்று பெயர் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்பு வரை அந்தப் பெயரை நான் அழுத்திச் சொல்வதில்லை. "ஹேவ் பீன் வாக்கியம்" என்றே சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் தேர்வுக்காகப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எங்கள் பள்ளித் தமிழாசிரியர் உதவினார். ஒன்பதாம் வகுப்பில் அவர் துணைவினைகள் நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்பின் பின்புறம் அமர்ந்து கேட்டேன். "கொண்டிரு" என்ற துணைவினை தமிழில் இரண்டு வேலையைச் செய்கிறது. படித்துக்கொண்டிருக்கிறேன், படித்துக்கொண்டிருந்தேன். பேச்சில் படிச்சிட்டிருக்கேன், படிச்சிட்டிருந்தேன். தமிழில் இந்த இரண்டு பெட்டிதான். ஆங்கிலத்தில் மூன்று பெட்டி: ஆம் ரீடிங், ஹேவ் பீன் ரீடிங், வாஸ் ரீடிங். நடுவில் இருக்கும் பெட்டிக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. அது இந்தப் பக்கத்திலிருந்து பாதி, அந்தப் பக்கத்திலிருந்து பாதி என்று எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பக்கத்துப் பாதி நமக்குத் தெரிந்தது. "காலையிலேருந்து படிச்சிட்டிருக்கேன்." தமிழில் வினை மாறவில்லை, "காலையிலேருந்து" மட்டும் சேர்ந்தது. அதனால் பிள்ளை "ஐ ஆம் ஸ்டடியிங் சின்ஸ் மார்னிங்" என்று எழுதுகிறது. நம் ஊரில் கூடுதலாக ஒன்று உண்டு. வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் பையன் வீட்டுக்குப் பேசும்போது "ஒரு மணிக்கூரா நிக்கேன்" என்பான். கொண்டிரு கூட இல்லை. அதனால் "ஐ ஸ்டாண்ட் ஃபார் ஒன் அவர்" என்றும் தாளில் வரும். இதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இந்த இடத்தில் சாதாரண நிகழ்காலம்தான் வரும். பாரிஸில் படிக்கும் பிள்ளையும் "ஐ லிவ் ஹியர் சின்ஸ்" என்றுதான் முதலில் எழுதும். இந்தி பேசுபவர்களும் நம்மைப் போலவே "ஆம் ஒர்க்கிங் சின்ஸ்" என்பார்கள். இந்தியாவுக்குள் பேசும்போது அது யாருக்கும் புரியாமல் போவதில்லை. தேர்விலும் வெளிநாட்டு நேர்காணலிலும் மட்டும் இடறும்.

அந்தப் பக்கத்துப் பாதிதான் நான் கவனிக்காமல் விட்டது. விளையாட்டுப் பாடவேளை முடிந்து வேர்த்து வழிய ஒரு பையன் வகுப்புக்குள் வருகிறான். "ஏன் மக்களே இப்படி வேர்த்திருக்கு?" "வெளையாடிட்டிருந்தேன் டீச்சர்." தமிழில் இறந்தகாலம். தமிழுக்கு அதுதான் சரி. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் இயல்பாக வருவது "ஐ ஹேவ் பீன் பிளேயிங்." விளையாட்டு முடிந்துவிட்டது. ஆனால் வேர்வை இன்னும் நெற்றியில் இருக்கிறது. பேச்சே அந்த வேர்வையைப் பற்றியதுதான். அதே பையனிடம், "நேத்து நாலு மணிக்கு என்ன செஞ்சிட்டிருந்த?" என்று கேட்டால், தமிழில் அதே "வெளையாடிட்டிருந்தேன்." ஆங்கிலத்தில் "ஐ வாஸ் பிளேயிங்." தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. வேர்த்து நிற்கும் பையன் "ஐ வாஸ் பிளேயிங்" என்று சொன்னால் சிவப்பு மையால் அடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயரும் சில வேளை அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் "ஹேவ் பீன்" சொன்னால் வேர்வைக்குக் காரணம் அதிலேயே வந்துவிடுகிறது.

கரும்பலகையில் இடப்பக்கம் இரண்டு தமிழ்ச் சொல், வலப்பக்கம் மூன்று ஆங்கிலச் சொல் எழுதி நான்கு கோடு இழுத்துக் காட்டுங்கள். நடுவில் இருக்கும் ஹேவ் பீனுக்கு இரண்டு கோடு வரும். பத்து நிமிட வேலை. இதைப் பார்த்த பிறகு பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிவு, எத்தனை ஃபார்முலா எழுதிப் போட்டாலும் வருவதில்லை.

பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது விடுப்புக் கடிதம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உண்மையான தேவைக்காக எழுதுவது அது ஒன்றுதான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறோம். எனக்கு என் ஆசிரியர் சொல்லித் தந்ததும் அதுதான். ஒரு நாள் வகுப்பில் இப்படிச் சொன்னேன்: "இன்னைக்கு நீ வீட்டுல படுத்திருக்க. நேத்திலேருந்து காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட லெட்டர் குடுத்து விடணும். இது முதல் லெட்டர். ரெண்டு நாள் கழிச்சு, காய்ச்சல் விட்டு, நீயே ஸ்கூலுக்கு வந்துட்ட. கையில லெட்டரோட வாசல்ல நிக்க. இது ரெண்டாவது லெட்டர். ரெண்டையும் எழுது."

முதல் கடிதத்தில், "ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே." இரண்டாவது கடிதத்தில், "ஐ வாஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஆன் மண்டே அண்ட் டியூஸ்டே." காய்ச்சல் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான். கடிதம் எழுதும் நாள்தான் வேறு. முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் பள்ளிக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஸ்டில் ஃபீவரான்னு ஹெட்மாஸ்டர் நெத்தியத் தொட்டுப் பாப்பாரு டீச்சர்" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் இலக்கணத்தைப் பிடித்துவிட்டாள். என் பழைய மாணவிக்கு நேர்காணலில் நடந்தது இதே கதைதான், தலைகீழாக.

இந்தக் கடிதங்களோடு பேச்சுப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளலாம். இருவரை எழுப்பி, ஒருவர் வடசேரியில் பேருந்துக்காகக் காத்திருப்பவர், மற்றவர் பூதப்பாண்டியில் வீட்டிலிருக்கும் அம்மா. தொலைபேசியில், "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஹியர் ஃபார் ஒன் அவர்." பிறகு பையன் வீடு வந்து சேர்கிறான். "ஏன் லேட்?" "ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் த பஸ் ஃபார் ஒன் அவர்." இரண்டு வாக்கியத்திலும் ஃபார் ஒன் அவர் இருக்கிறது. துப்புச்சொல் பட்டியல் இங்கே செல்லாது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பட்டியலுக்குப் பதிலாக நான் கொடுத்தது ஒரு தமிழ்ச் சோதனை. வாக்கியத்தைத் தமிழில் நினைத்து, அதில் "இந்த நிமிஷம் வரைக்கும்" என்று நுழைத்துப் பார். பொருந்தினால் ஹேவ் பீன். பொருந்தாவிட்டால் வாஸ். "நேத்திலேருந்து இந்த நிமிஷம் வரைக்கும் மழை." பொருந்துகிறது. "நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு இந்த நிமிஷம் வரைக்கும் மழை." காதே ஏற்கவில்லை. சின்ஸ், ஃபார் இரண்டுக்கும்கூடத் தமிழில் கைப்பிடி இருக்கிறது. "-லேருந்து" வந்தால் சின்ஸ். "ரெண்டு மணிக்கூரா", "நாலு வருஷமா" என்று "-ஆ" வந்தால் ஃபார். ஆனால் "லேருந்து" என்பதைப் பிள்ளைகள் ஃப்ரம் என்றும் எழுதுவார்கள். "காலையிலேருந்து சாயங்காலம் வரை" என்று முடிவும் சொல்லியிருந்தால் ஃப்ரம், டு. முடிவு சொல்லாமல் இன்றுவரை இழுத்துக்கொண்டு வந்தால் சின்ஸ்.

இந்தச் சோதனைக்கு ஓட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு மாணவிதான். வடகிழக்குப் பருவமழைக் காலம். வகுப்பு வாசலில் நனைந்த குடைகள் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தன. மழை நின்று சிறிது நேரம் ஆகியிருந்தது. குடைகளைக் காட்டி "இட் ஹேஸ் பீன் ரெய்னிங்" என்றேன். "மழைதான் நின்னுட்டே டீச்சர். இந்த நிமிஷம் வரைக்கும் இல்லையே?" என்றாள். வேர்வைப் பையனை நினைவுபடுத்தினேன். செயல் நின்றிருக்கலாம், தடயம் கண் முன்னால் இருந்தால் ஆங்கிலம் அதை இன்னும் "இப்போது" என்றே கணக்கில் வைக்கிறது. அன்றிலிருந்து "தடயம்" என்ற விளையாட்டு எங்கள் வகுப்பில் நடக்கிறது. ஒருவர் கையில் சாக்பீஸ் தூள்: "ஷீ ஹேஸ் பீன் ரைட்டிங் ஆன் த போர்டு." ஒருவர் கண் சிவந்திருக்கிறது: "ஹி ஹேஸ் பீன் கிரையிங்", இல்லை, "ஹி ஹேஸ் பீன் வாட்சிங் மொபைல்" என்று திருத்துவார்கள். கும்பப்பூ நடவு நடந்த நாட்களில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு பிள்ளையின் அம்மா வயலிலிருந்து நேராக வந்துவிட்டார். சேலைக் கரையெல்லாம் சேறு. சற்றுத் தயங்கி வாசலிலேயே நின்றார். அவருடைய மகள் எழுந்து, யாரும் கேட்காமலே, "மை மதர் ஹேஸ் பீன் பிளான்டிங் பேடி" என்றாள். அந்த ஆண்டு முழுவதும் நான் கேட்ட மிக நல்ல ஆங்கில வாக்கியம் அதுதான். அம்மாவுக்கு அதன் பொருளைத் தமிழில் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வாஸ் வாக்கியத்துக்குத் தடயம் தேவையில்லை. கடந்துபோன ஒரு நேரம் தேவை. மணி அடித்தபோது, கரண்ட் போனபோது, நேற்று எட்டு மணிக்கு. இதற்கு வீட்டுப்பாடமாக நான் கொடுத்தது ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30 அன்று நம் மாவட்டத்தைப் புயல் தாக்கியபோது வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டு வந்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "மை கிராண்ட்மதர் வாஸ் மேக்கிங் டீ வென் த ட்ரீ ஃபெல் ஆன் தி ரூஃப்." "மை ஃபாதர் வாஸ் டையிங் த கவ்." ஓடிக்கொண்டிருந்த செயல் வாஸ் வாக்கியத்தில், திடீரென்று வந்து விழுந்தது சாதாரண இறந்தகாலத்தில். பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. இந்தப் பயிற்சியைக் கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் அங்கே இருக்கின்றன. அங்கே மணி அடித்தபோது, விளக்கு அணைந்தபோது என்பதே போதும்.

உள்ளூர்க்காரரான ஜீவாவை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ப. ஜீவானந்தம் 1907இல் பூதப்பாண்டியில் பிறந்தவர் என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாணவன் "ஜீவா ஹேஸ் பீன் ஃபைட்டிங் ஃபார் த புவர்" என்று எழுதினான். உணர்ச்சியில் குறையில்லை. ஆனால் ஜீவா 1963இல் மறைந்துவிட்டார்; மறைந்தவருக்கு ஹேஸ் பீன் ஃபைட்டிங் வராது. அப்படியானால் வாஸ் ஃபைட்டிங்கா என்று கேட்டான். அதுவும் இல்லை. ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்ததை மொத்தமாகச் சொல்லும்போது "ஃபாட்" என்ற சாதாரண இறந்தகாலமே போதும். "ஹி வாஸ் லிவிங் இன் தாம்பரம் வென் ஹி டைட்" என்று ஒரு குறிப்பிட்ட நேரத்தைச் சொல்லும்போது வாஸ் வரட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாம் கேட்டுக்கேட்டே, இரண்டும் வேண்டாத இடங்கள் உண்டு என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

ஐஎன்ஜி ஏற்காத வினைகளும் அப்படித்தான். "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்று எழுதுபவர்களுக்குத் தமிழையே துணைக்கு அழைக்கிறேன். "அவரைப் பத்து வருஷமா தெரிஞ்சுக்கிட்டிருக்கு" என்று யாராவது சொல்கிறோமா? "தெரியும்" என்றுதான் சொல்கிறோம். அதனால் "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்." வேண்டும் என்பதும் அப்படியே. "கன்னியாகுமரி மாவட்டம் 1956லேருந்து தமிழ்நாட்டுல இருக்கு": இங்கே "ஹேஸ் பீன்" வரும், ஐஎன்ஜி வராது. "கன்னியாகுமரி ஹேஸ் பீன் இன் தமிழ்நாடு சின்ஸ் 1956." எல்லா வினைக்கும் இந்தத் தமிழ்க் கைப்பிடி பொருந்தாது. "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "பிலீவிங்" வராது. அந்தச் சில வினைகளை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

இந்த ஆண்டு மாதத் தேர்வுக்கு நான் கோடிட்ட இடங்களைக் குறைத்துவிட்டேன். ஒரு சூழலை இரண்டு வரியில் தமிழில் கொடுத்து, அங்கே நிற்பவர் ஆங்கிலத்தில் என்ன சொல்வார் என்று கேட்கிறேன். திருத்த நேரம் கூடுதலாக ஆகிறது. ஆனால் யாருக்குக் காலம் புரிந்திருக்கிறது, யாருக்குப் பட்டியல் மட்டும் நினைவிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

பழைய மாணவிக்கு இந்த விடுப்புக் கடிதக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். "நான் ரெண்டாவது லெட்டரச் சொல்லிட்டேன், இல்லையா டீச்சர்?" என்றாள். அடுத்த நேர்காணலுக்கு முதல் நாள் இரவு அழைத்து, ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினாள். "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்." பதினோராவது தடவை அவளே நிறுத்தி, "டீச்சர், இந்த மாசத்தோட அஞ்சு வருஷம் ஆகுது. ஃபைவ்னு மாத்திக்கிடணும்" என்றாள்.